கழுவாத ஜாடி

அந்த மாதம் மூக்கக்காவின் கடைக்கு வந்துபோனவர்களில் மூன்று பேருக்கு முகத்தில் ஏதோ வந்தது. மூன்று பேருக்கும் அவள் மூன்று காரணம் வைத்திருந்தாள்.

பள்ளிக்கூட டீச்சருக்குத் தாடையோரம் பொரிப்பொரியாக வந்ததற்குப் புதுத் தலையணை உறை. மருந்துக்கடைப் பெண்ணுக்கு நெற்றியில் வந்ததற்குத் தலைக்குப் பூசிய சாயம். மூன்றாவது ஆள் கூடவே வேலை பார்க்கும் நாத்தனார், கணவனின் தங்கை. அவளுக்கு ஒரு பக்கத்து இமை தடித்து இரண்டு நாளாக அரிப்பு.

"ஃபோனக் கண்ணுக்குள்ள வெச்சுக்கிட்டுப் படுத்தா இமை தடிக்காம என்ன செய்யும்?"

"ஃபோனப் பாத்தா வலிக்கும் அண்ணி. அரிக்காது."

"உனக்கு மட்டும் எல்லாமே வேற மாதிரிதானே."

நாத்தனார் அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெரிய கண்ணாடி ஜாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்ததை மூக்கக்காவும் பார்த்தாள். அதோடு இருவரும் துண்டு மடிக்கப் போய்விட்டார்கள்.

பார்லர் என்று சொன்னாலும் அது வீட்டின் முன்னறைதான். சாய்ந்து படுக்கிற நாற்காலி இரண்டு, கை கழுவும் தொட்டி ஒன்று, இடுப்பளவு ஃபிரிட்ஜ் ஒன்று. ஜன்னலுக்கு எதிரே பஸ் டிப்போவின் மதில். பகல் முழுக்கப் பஸ்கள் பின்னால் நகரும்போது எழுப்பும் கீச்சொலி கேட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள். பழகியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

மூக்கக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய பார்லருக்குத் தரை துடைக்கிற வேலைக்குப் போனாள். மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் டின் டின்னாகப் பன்னீர் வந்து இறங்கியது. துடைப்பக்கட்டையோடு அதைத் தாண்டிப் போனவள் நின்று, "மேடம், இதுல ரோஜா இல்ல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஐந்து கிண்ணத்தில் ஐந்து தண்ணீரை ஊற்றி வைத்துக் கூப்பிட்டாள். எசென்ஸ் கலந்தது எது, பூவைப் போட்டு வடித்தது எது, வடித்ததிலும் வெயில் ஏறியபின் பறித்த பூ எது என்று வரிசையாக இவள் சொன்னாள். ஐந்தாவது கிண்ணத்தில் வெறும் குழாய்த் தண்ணீர். "இது நம்ம மாடித் தொட்டி" என்றாள். அன்றோடு துடைப்பக்கட்டை வேறு ஒருத்தி கைக்குப் போனது.

அந்த மூக்குதான் அவளுக்கு எல்லாம் கொடுத்தது. தொழில், பெயர், ஒருவரையும் அண்டாமல் நிற்கும் தைரியம். "எசென்ஸ் தண்ணி மூக்குல ஒரே எடத்துல குத்திட்டு நிக்கும். வடிச்ச தண்ணி அப்படி இல்ல. முதல்ல வெந்த எல மாதிரி ஒரு பச்ச வாடை வரும். பூ அதுக்குப் பின்னாலதான் மெதுவா வரும்" என்று வருகிறவர்களுக்குச் சொல்லுவாள். முகர்ந்து பார்க்கவும் கொடுப்பாள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

முகத்துக்கு ஏற்ற பூத்தண்ணீர் பொறுக்குவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. வந்தவர்களை வெறும் தண்ணீரில் முகம் கழுவச் சொல்லி, எதுவும் பூசாமல் இருபது நிமிடம் உட்கார வைப்பாள். அதற்குள் அவர்கள் வீட்டுக்கதை பாதி வந்துவிடும். பிறகு விளக்கைத் திருப்பிப் பார்ப்பாள். மூக்குத்தண்டும் நெற்றியும் மினுமினுத்தால் ஆரஞ்சுப் பூ. சிரித்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது என்றால் ரோஜா. சிவந்து சூடாக இருக்கிற முகத்துக்குச் சீமைச்சாமந்தி. பருவைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிற பெண்களுக்கு ஒரு திட்டும் லாவண்டரும். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் வரச்சொல்லுவாள்.

"முகம் ஈரமா இருக்கறப்பவே அடிக்கணும். அது காயறதுக்குள்ள ரெண்டு சொட்டு எண்ணெயோ கிரீமோ வெச்சு மூடிடணும். அடிச்சிட்டு ஃபேனுக்குக் கீழ போய் உக்காந்தா, இருக்கற ஈரத்தையும் அது கூட்டிக்கிட்டுப் போயிடும்."

"சுருக்கம் போகுமாக்கா?"

"போகாது. கறுப்பு வெளுக்காது, வயசும் குறையாது. மொகத்துக்குத் தாகம் தீரும், அவ்வளவுதான். மத்தது வேணும்னா வேற கடைக்குப் போ, பொய் வாங்கிட்டு வா."

இப்படிச் சொன்னதால்தான் ஜனங்கள் அவளை நம்பினார்கள். அவளும் அப்படியே தன்னை நம்பினாள்.

ஜாடி அந்தப் பெரிய பார்லரிலிருந்து வந்தது. மேடத்துக்கு முழங்கால் போய்க் கடையை மூடியபோது, ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒருத்தி முடி உலர்த்தும் கருவியை எடுத்தாள், ஒருத்தி நாற்காலியை. இவள் ஜாடியை எடுத்தாள். பத்து லிட்டர் பிடிக்கும் கனத்த கண்ணாடி. அடியில் பித்தளைக் குழாய். மேடத்திடம் இருந்த காலத்திலிருந்தே அதற்கு ஒரு சட்டம் உண்டு. காலியாகவே விடக்கூடாது. நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும் மேலே புதுப் பன்னீரை ஊற்ற வேண்டும். பழசு புதுசைப் பிடித்துக்கொள்ளும் என்பது மேடத்தின் கணக்கு. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

கழுவுவதும் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன் நாத்தனார் புதிதாக வேலைக்கு வந்தபோது, நல்ல பெயர் எடுக்கலாம் என்று ஜாடியைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். இருபது நாள் மூக்கக்காவுக்கு ரோஜாவுக்குள்ளே சோப்பு மணத்தது. வேறு ஒருவருக்கும் மணக்கவில்லை. அண்ணியும் நாத்தனாரும் அந்த இருபது நாளும் சுவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள். "சுவரே, துண்டு எங்க இருக்குன்னு கேளு." அதன்பிறகு ஜாடியை யாரும் கழுவவில்லை. நாக்குச் சுத்தமாக இருப்பவர்கள் உண்டு, கை சுத்தமாக இருப்பவர்கள் உண்டு. இவளுக்கு மூக்கு சுத்தம். அந்தச் சுத்தம்தான் ஜாடியை அழுக்காகவே வைத்திருந்தது.

பன்னீர் வடித்துக் கொடுப்பவர் ஊருக்கு வெளியே சொந்தத் தோட்டமும் பூ வடிக்கிற செம்பு வாலையும் வைத்திருந்தார். அவர் தண்ணீரைச் சின்னச் சின்னப் பழுப்பு பாட்டிலில் அடைத்துத்தான் அனுப்புவார். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும்: திறந்தால் ஆறு வாரம். குளிரில் வை. ஒன்றோடு ஒன்று கலக்காதே. மூக்கக்கா மற்றப் பூக்களின் பாட்டில்களை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பாள். ரோஜாவை மட்டும் வருகிற பன்னிரண்டு பாட்டிலையும் திறந்து ஜாடியில் கவிழ்த்துவிடுவாள். கண்ணெதிரே ஜாடி நின்றால்தான் கடைக்கு அழகு.

விஷயம் தெரிந்து அவர் ஒரு முறை ஃபோனில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நான் உக்காந்து தனித்தனியா அடைச்சுத் தரேன், நீ எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிடறே. அப்ப நான் எதுக்குத்தான் கஷ்டப்படறேன்? இதுல கெடாம இருக்க நான் ஒரு மருந்தும் போடறதில்ல. தெரியுமில்ல?"

"அதனாலதானேண்ணே உங்ககிட்ட வாங்கறேன். கெட்டா எனக்குத் தெரியாதா? எதுக்கு இருக்கு இந்த மூக்கு?"

"மூக்குக்குத் தெரியற மாதிரி கெட்டா கொட்டிடுவே. தெரியாத மாதிரி கெட்டுச்சுன்னா?"

"அப்படி ஒரு கேடு இன்னும் பொறக்கலண்ணே" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

ஜாடிக் குழாயின் வாய் சில வாரமாக வழவழப்பாக இருந்தது. காலையில் துணியால் துடைப்பாள். மாலையில் தொட்டால் மறுபடி வழுக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீருக்குள் மெல்லிசாக ஒரு புகைச்சல். ரோஜா எண்ணெய் மிதந்தாலும் அப்படித்தான் தெரியும். கிண்ணத்தில் பிடித்து முகர்ந்தாள். வெந்த இலை வந்தது. பின்னால் பூ வந்தது. நிம்மதியாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு டிரைவர் வந்தாள்.

எதிர் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவள் அவள். நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், கணவன் தூர ஊரில் வேலை. காலை நாலரைக்கு வண்டியை எடுத்து ஒன்றரைக்கு விடுவாள். வாரத்தில் ஒரு நாள் இங்கே வந்து செருப்பை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் விழுவாள். அவளுக்கு முக அழகெல்லாம் வேண்டாம். பன்னீர் நனைத்த பஞ்சைக் கண்மேல் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஒன்பது வருடப் பழக்கம். இருவரும் ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஏ மூக்கு, சீக்கிரம் வைக்கா. ரெண்டு கண்ணும் அடுப்பா எரியுது."

"வா டிரைவர். இன்னிக்கு எத்தன பேர இடிச்சே?"

"ஒருத்தரையும் இல்ல. நாளைக்கு உன்ன இடிக்கலாம்னு மிச்சம் வெச்சிருக்கேன்."

டிரைவர் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். வலது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. மூக்கக்கா விளக்கைத் திருப்பினாள்.

"இதென்ன?"

"காலையில லென்ஸ் போடறப்ப நகம் பட்டுச்சு. கடிகாரத்தப் பாத்துக்கிட்டே போட்டேன். ஒண்ணுமில்ல, உறுத்துது, அவ்வளவுதான்."

நாத்தனார் பஞ்சை எடுத்தவள் அப்படியே நின்றாள். "அண்ணி, இன்னிக்கு வேணாமே. வெறும் துணிய நனைச்சு வைப்போம்."

"ஏன்?"

"கீறல் பட்ட கண்ணு. அதான்."

"அதுக்குத்தானே குளிர்ச்சி வேணும்?" என்றாள் டிரைவர், கண்ணை மூடிக்கொண்டே. "உங்க குடும்பச் சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. முதல்ல பஞ்ச வைங்க."

ஃபிரிட்ஜில் பிரிக்காத சாமந்தி பாட்டில் ஒன்று இருந்தது. அது சில்லென்று இருக்கும், தலைவலி வரும் என்று டிரைவர் எப்போதோ சொல்லியிருந்தாள். மூக்கக்கா ஜாடியின் குழாயைத் திறந்து கிண்ணத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். நாத்தனாருக்குத் தெரியும்படி இன்னொரு முறையும் முகர்ந்தாள். இரண்டு பஞ்சை நனைத்து, லேசாகப் பிழிந்து, மூடிய இமைகள்மேல் வைத்தாள். வலது பஞ்சிலிருந்து ஒரு துளி வழிந்து மூக்கோரக் கண்முனையில் இறங்கியது. டிரைவர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாள்.

"அப்பாடா" என்றாள். பத்து நிமிடத்தில் குறட்டையும் வந்தது.

வெள்ளிக்கிழமை டிரைவர் வேலைக்குப் போகவில்லை. கண்ணில் மணல் போட்ட மாதிரி இருக்கிறது, வெளிச்சம் ஆகவில்லை என்று நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய மூத்த பெண் கடைக்கு ஃபோன் செய்தாள். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, காலையில் கடுகு அளவு இருந்தது, இப்போது கொஞ்சம் பெரிசு. நாத்தனார் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அரை மணிக்கு ஒரு தடவ மருந்து ஊத்தறாங்க. சீழ எடுத்து என்ன கிருமின்னு பாக்க அனுப்பியிருக்காங்களாம். ரெண்டு மூணு நாளாகுமாம். கண்ணுல என்னென்ன பட்டுச்சுன்னு டாக்டர் கேட்டிருக்காங்க. லென்ஸ், நகம், தூசின்னு சொல்லியிருக்கா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல அண்ணி. பூத்தண்ணியெல்லாம் சொல்லணும்னே அவளுக்குத் தோணல. கண்ணு போனா லைசென்ஸ் போச்சுன்னு அழறா. மருந்து ஊத்தற கண்ணோட அழாதீங்கன்னு நர்ஸ் திட்டறாங்க."

மூக்கக்கா உள்ளே போய்க் கிண்ணத்தில் பன்னீரைப் பிடித்து முகர்ந்தாள். நல்ல ரோஜா. கால் மணி கழித்து மறுபடி முகர்ந்தாள். ஐந்து மணிக்கு ஒரு வாடிக்கை வந்தது. உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். மூன்றாம் முறை முகர்ந்தாள். அதே ரோஜா. டீச்சரின் தாடை, மருந்துக்கடைப் பெண்ணின் நெற்றி, நாத்தனாரின் இமை. மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தலையணை உறை பரவாயில்லை, நிற்கும். சாயம் தள்ளாடியது. ஃபோன் நிற்கவே இல்லை.

கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், எதையும் ஒரு ஸ்பானரோடு யோசிக்கிறவன். கேட்டுவிட்டு, "லென்ஸ்னு டாக்டரே நெனைக்கறாங்கல்ல? பேசாம ஜாடியக் கொட்டிக் கழுவி வெச்சிடு. அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்கிற எண்ணம்தான். அவளும் எழுந்து ஜாடியைத் தூக்கத்தான் போனாள். தொட்டிவரைக்கும் கொண்டுபோனாள். அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். கொட்டவும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவும் இல்லை. சனிக்கிழமை அப்படியே போனது.

ஞாயிறு காலை, அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, "இந்தக் குழாயக் கழட்டுங்க" என்றாள்.

குழாய் மேலே வரும்படி ஜாடியைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்தான். பித்தளை இறுகியிருந்தது. இரண்டு முறை ஸ்பானர் நழுவியது. "கடைசியா இத எப்ப கழட்டினே?"

"கழட்டினதே இல்ல."

"ஜாடி வந்த பதினாறு வருஷமாவா?" என்றான். லிஃப்டுக்குக் கீழே இருக்கிற குழியில் எத்தனையோ பார்த்தவன் அவன். குழாய் திருகி வெளியே வந்ததும் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் வாஷர் தெரியவில்லை. பச்சையும் பழுப்புமாகச் சளி மாதிரி ஒன்று குழாயின் தொண்டையை அடைத்துக்கொண்டு பிடித்திருந்தது. மூக்கக்கா விரல்நுனியால் தொட்டாள். நூல்போல் நீண்டு வந்தது. விரலை மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து கிண்ணம் வைத்த அன்று முகர்ந்ததைவிட நிதானமாக முகர்ந்தாள்.

"என்ன வாடை?"

"ரோஜா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

அவன் ஒரு பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுத்தான். மூக்கக்கா ஜாடித் தண்ணீரை அதில் பிடித்து, குழாயைப் புதுப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, நைட்டிமேல் போட்ட துப்பட்டாவோடு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறியபிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

கண் டாக்டர் சின்னப் பெண். பிஸ்கட்டைக் கடித்தபடி கேட்டவள், பையைப் பிரித்ததும் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்தத் தண்ணி எப்ப கண்ணுல பட்டுச்சு?"

"வியாழக்கிழம ரெண்டு மணிக்கு. ஒரு துளி உள்ள எறங்குச்சு. நான் பாத்தேன்."

"அவங்க இங்க இருக்கறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "தேங்கின தண்ணியில வளர்ற கிருமி ஒண்ணு இருக்கும்மா. கீறல் கெடைச்சா கண்ண வேகமாத் தின்னும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், அதுக்கான மருந்த இப்பவே சேத்துடறேன்" என்று எழுதினாள். எழுதிக்கொண்டே, "நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்தே சேத்திருப்பேன்" என்றாள்.

டிரைவர் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். வலது கண்மேல் பிளாஸ்டிக் மூடி. மூக்கக்கா கட்டில் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், சளி, சனிக்கிழமை. எதையும் விடவில்லை. டிரைவர் கேட்டுவிட்டு முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உம் மூக்க நம்பினேன் பாரு" என்றாள். அப்புறம், "தண்ணி எடு. குடிக்கற தண்ணி. பாட்டில் கழுவினதா?" என்றாள். அடுத்த கட்டில்காரி சிரித்துவிட்டாள். மூக்கக்காவால் சிரிக்க முடியவில்லை.

பதினேழு நாள். பகலில் மருந்து ஊற்றியது மூக்கக்கா. தண்ணீரில் பரிசோதனைச்சாலை கண்டதும் கண்ணில் கண்டதும் ஒரே கிருமிதான். புள்ளி பெரிதாவது நின்றது. கண் பிழைத்தது, பார்வை முழுசாகப் பிழைக்கவில்லை. கருவிழியின் நடுவே பால் கறை மாதிரி ஒரு தழும்பு. அந்தக் கண்ணுக்கு எதிரே கை ஆட்டினால் கை தெரியும். எத்தனை விரல் என்று தெரியாது. ஆறு மாதம் பொறுத்து வேறு சிகிச்சை பார்க்கலாம் என்றாள் டாக்டர். பார்க்கலாம் என்ற சொல்லை அழுத்திச் சொல்லவில்லை.

மூக்கக்கா வாடிக்கையாளர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். டீச்சர் இரண்டையும் செய்தாள். ஜாடி குப்பைவண்டியில் போனது. ரோஜாவும் மற்றவற்றைப் போல் சின்ன பாட்டிலில் ஃபிரிட்ஜுக்குள் போனது, திறந்த தேதியை நாத்தனார் எழுதினாள். கண்ணில் எதுவும் வைப்பதில்லை என்று சுவரில் ஒரு அட்டை. முகர்ந்து பார்க்கச் சொல்லி யாருக்கும் இப்போது கொடுப்பதில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் டிரைவரை வேலைக்குத் திரும்ப எடுப்பதற்கான கண் சோதனை. பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி. துணைக்கு மூக்கக்கா போனாள். தாழ்வாரத்து பெஞ்சில் இவர்களுக்கு முன்னால் நாலு ஆண்கள். சோதனை அறையின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒவ்வொருத்தரும் எண் அட்டையைச் சத்தமாகப் படித்தார்கள். டிரைவரின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்ன முணுமுணுக்கறே?"

"மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள் டிரைவர், காதோரமாக. "ஒரே அட்டைதான் வெச்சிருக்கான். கடைசி வரி ஆறு, ஒம்பது, ரெண்டு, அஞ்சு, மூணு. எடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. வலதுக்கு ஒப்பிச்சா முடிஞ்சுது."

"ஏய்."

"என்ன ஏய்? ஒத்தக் கண்ணால பதினஞ்சு வருஷ ரோட்ட ஓட்ட முடியாதா எனக்கு? மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"வலது பக்கம் ஒரு சைக்கிள் வந்தா?"

"ஹாரன் எதுக்கு இருக்கு?" குரல் இறங்கியது. "பாருக்கா. பெரியவளுக்கு அடுத்த வருஷம் காலேஜ். இங்க விட்டா எனக்கு டிக்கெட் எண்ற மேசைகூட நிச்சயமில்ல. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திரு. போதும். அது உன்னால முடியுமில்ல?"

மூக்கக்கா பதில் சொல்வதற்குள் டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மூக்கக்கா கதவருகே நின்றாள். கண் சோதிப்பவர் தூக்கக் கலக்கத்தில் இருந்த மனிதர். இடது கண் முடிந்தது. "மாத்துங்க" என்றார். டிரைவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, அட்டை இருந்த திசைக்கு முகத்தை நிமிர்த்தினாள்.

"முதல் வரி."

சொன்னாள்.

"கடைசி வரி."

"ஆறு, ஒம்பது, ரெண்டு..." நடுவில் கண்ணைச் சுருக்கிக் கஷ்டப்பட்டுப் பார்ப்பதுபோல ஒரு நிறுத்தம்கூட வைத்தாள். "அஞ்சு... மூணு."

அவர் முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார். வெளியே தெருவில் ஏதோ ஒரு பஸ் பின்னால் நகர்ந்து கீச்சிட்டது. சொல்லுவோமா, வீட்டுக்குப் போய் யோசித்து நாளைக்குச் சொல்லுவோமா என்று மூக்கக்காவின் மனம் ஒரு படி பின்னால் போகப் பார்த்தது.

"ஐயா" என்றாள். "வேற அட்டை இருந்தாக் காட்டுங்க."

அவர் இவளையும் பார்த்தார், டிரைவரையும் பார்த்தார். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு இழுப்பறையைத் துழாவி மஞ்சளேறிய ஓர் அட்டையை எடுத்து, பழையதன்மேல் மாட்டினார்.

"படிங்கம்மா."

டிரைவர் கையை எடுக்கவில்லை. அட்டைக்கு நேராக நின்றாள். நிமிடம் ஒன்று போனது. அவர் மறுபடி கேட்கவில்லை. பேனாவைத் திறந்து, படிவத்தில் வேறு ஒரு கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். பேனா கீறுகிற சத்தம் கேட்டதும்தான் டிரைவர் கையை இறக்கினாள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள்.

"கண்ணையும் நீதான் எடுத்தே" என்றாள் டிரைவர். கத்தவில்லை. "இப்ப இதையும்."

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் இல்லையா சொல்ல?"

"இல்ல."

டிரைவர் விறுவிறுவென்று மாடிப்படிக்குப் போனாள். முதல் படிக்கு மேலே நின்றுவிட்டாள். படிகள் சிமெண்ட் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று ஒற்றைக் கண்ணுக்கு அளவு பிடிபடவில்லை. மூக்கக்கா கையை நீட்டினாள்.

"தொடாத."

கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவளைத் தாண்டி இரண்டு படி கீழே போய் நின்றாள், விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. பின்னால் டிரைவரின் செருப்பு விளிம்பைத் தேடி உரசியது, நின்றது, மறுபடி உரசியது. அது இறங்குவதைக் கேட்டபின் மூக்கக்கா தானும் ஒரு படி இறங்கினாள். மூன்று மாடி இருந்தது.